படுதாவுக்கு உள்ளே இருபத்தொன்பது பாயிண்டு

பிறர் வீட்டுப் பெண்மணிகள் குனிந்து, அவரவர் கால்விரலை அவரவரே தொடும்படி செய்வதற்காகச் சம்பளம் வாங்கும் தொழில் ஒன்று உலகத்தில் உண்டு. அதைத்தான் நான் பல வருஷங்களாகச் செய்து வருகிறேன். கழுத்தில் விசிலும் கையில் பெயர்ப் பட்டியலுமாக விடியற்காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "முழங்காலை மடக்காதீர்கள்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்பது நமக்கும் நம் தொண்டைக்கும் மட்டுமே தெரியும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், அடையாற்றங்கரையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த ஒரு கிளப்பில், பெண்கள் பகுதிக்குத் தேகப்பயிற்சி ஆசிரியையாக நான் சேர்ந்தேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கிளப் ஆண்களுடையது. வீட்டுப் பெண்களுக்கும் அங்கே ஏதாவது இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கத்தினர்களின் சாப்பாட்டு வேளைகளில் ஓயாமல் எழுந்தபடியால், கமிட்டி ஒருவாறு இணங்கியிருந்தது. காரியதரிசி ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜ். முதல் நாளே என்னை அழைத்து நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"மாசியும் பங்குனியும் கிழக்கு மைதானம் காலை வேளையில் உங்களுக்கு. பெண்கள் கூடினால் பேச்சுத்தான் நடக்கும், ஆட்டம் நடக்காது என்று கமிட்டியில் அபிப்பிராயம் இருக்கிறது. பங்குனிக் கடைசியில் ஒரு மாட்ச் வையுங்கள். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை நிஜமான ஆட்டமாக இருந்தால் மைதானம் உங்களுடையது. இல்லாவிட்டால் அங்கே கார் ஷெட் கட்டப் போகிறோம்."

சென்னையில் வசந்த காலம் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்துவிடுவது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி எங்களுக்குக் கிடைத்தது. வந்தவர்கள் பதினாறு பேர். "காபி எங்கே?" என்று யாரும் கேட்காத ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு வேறெங்கும் இல்லை என்பதை நான் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆகவே அந்தக் கார் ஷெட் என் கனவில்கூட வந்தது.

எட்டு நமஸ்காரம்

பந்தாட்டத்துக்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்பது நான் படித்த பாடம். முதல் நாள் பதினாறு பேரையும் இரண்டு வரிசையாக, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நிறுத்தினேன். வயதில் மூத்தவர்கள் ஒரு வரிசை. இளையவர்கள் எதிர் வரிசை. புத்தகத்தில் இருந்த படத்தில் அப்படித்தான் இருந்தது. மூத்தவர் வரிசையின் தலைப்பில் மயிலாப்பூர் அலமேலு அம்மாள் நின்றார். உயரமும் அதற்கேற்ற சரீரமும் கம்பீரமான குரலும் உள்ளவர். அவருக்கு நேர் எதிரே அவருடைய மருமகள் ஜானகி. கலியாணமாகி ஒரு வருஷம். கணவனுக்கு டில்லியில் வேலை. அங்கே வீடு கிடைக்காததால் மாமியாரோடு இருந்தாள்.

"இளையவர் வரிசை, எட்டு எண்ணிக்கை, குனிந்து கால்விரலைத் தொடு, ஒன்று!" என்றேன். எட்டுப் பெண்கள் குனிந்தார்கள். அவ்வளவுதான், எதிர் வரிசையிலிருந்த எட்டுப் பேரும், கையைத் தூக்கி, "தீர்க்க சுமங்கலியா இரு" என்று ஆசீர்வாதம் செய்தார்கள். "இரண்டு!" என்றேன். மறுபடியும் ஆசீர்வாதம். ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை. எதிரே ஒரு தலை தாழ்ந்தால் வாய் தானாகச் சொல்கிறது. நாலாவது எண்ணிக்கையில் அலமேலு அம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"டீச்சர், இவளை எட்டுத் தடவை குனியச் சொல்றேள். எட்டு நமஸ்காரத்துக்கு நான் எட்டுப் புடவைன்னா எடுத்துக் கொடுக்கணும்? ரேஷன்ல எனக்கே ஒண்ணு கிடைக்கலை!"

பிள்ளையின் இடது கை

ஆட்டம் என்று நான் தேர்ந்தெடுத்தது பால் பாட்மின்டன். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து. தரையில் விழாமல் வலைக்கு மேலே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்தொன்பது பாயிண்டு முதலில் எடுப்பவர் கட்சி ஜெயம். ஒன்பது கஜப் புடவையைக் கச்சமாகக் கட்டியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது என்பது என் கட்சி. குறை ஒன்றுதான்: எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். எதிரே நிற்பவரின் ராக்கெட்டுக்கே நேராக, பந்தியில் பரிமாறுவதுபோல், பந்தை அனுப்புவார்கள்.

மூன்றாவது வாரம் பந்துகள் பிரிந்துபோயின. யுத்த காலத்தில் கம்பளி நூலெல்லாம் சிப்பாய்களின் காலுறைக்குப் போய்விட்டது. கடைகளில் நல்ல பந்தே இல்லை. அப்போது காமாட்சி அம்மாள் முன்வந்தார். இவர் ஜானகியின் தாயார், அதாவது அலமேலு அம்மாளுக்குச் சம்பந்தி. இரண்டு தெரு தள்ளி வசிப்பவர். மெலிந்த உடம்பு, வேகமான கால். டில்லிக் குளிருக்காக மாப்பிள்ளைக்கு மஞ்சள் நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாராம். குளிர்காலம்தான் போய்விட்டதே என்று ஒரு கையைப் பிரித்து, பழைய பந்துகளின் மேல் இழுத்துச் சுற்றி, ஊசியால் தைத்து, நாலு பந்து கொண்டுவந்தார். கடையில் வாங்கியதைவிட அழகாக எழும்பின. இரண்டு நாள் கழித்துத்தான் அந்த நூலின் பூர்வோத்தரம் அலமேலு அம்மாளுக்குத் தெரியவந்தது. ஓங்கிய ராக்கெட்டைக் கீழே இறக்கினார்.

"டீச்சர், இத்தனை நாழி நாம எல்லாரும் அடிச்சிண்டிருக்கறது என் பிள்ளையோட இடது கை. கொஞ்சம் பதமா அடிக்கச் சொல்லுங்கோ!"

இரண்டு விதமான மாவு

தியாகராய நகரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல் வீட்டம்மாள் நாலு நாள் வரவில்லை. விசாரிக்கப் போனேன். சமையற்காரர் சொல்லாமல் போய்விட்டதால் அம்மாள் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தார். "இதுவும் பயிற்சிதானே, டீச்சர்?" என்று கேட்டார். பயிற்சிதான், ஆனால் வலது கைக்கு மட்டும். இரண்டு தோளும் சமமாக வளர வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவள். நாற்பது சுற்று வலது கை, நாற்பது சுற்று இடது கை என்று மாற்றி மாற்றி அரைக்கும்படி, அங்கேயே உட்கார்ந்து எண்ணிக் காட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. இடது கையால் அரைத்ததைச் சாப்பிடுவார்களா? சுவாமிக்குத்தான் வைப்பார்களா? படித்தவள் வந்து ஆசாரத்தைக் கெடுத்தாள் என்று அந்த வீட்டில் என்ன கலவரமோ என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் அம்மாள் சிரித்த முகத்தோடு கிளப்புக்கு வந்தார். நான் மெதுவாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதுமே கையமர்த்தினார்.

"அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லை, டீச்சர். வலது கை மாவைத் தனியா எடுத்து சுவாமிக்கு வச்சுடறேன். இடது கை மாவு எங்காத்துக்காரருக்கு. இட்லி முன்னைவிட மிருதுவா இருக்குன்னு சொல்றார்."

ஏறலாமா?

மைதானத்தைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கான்வாஸ் படுதா கட்டியிருந்தோம். அதை முதலில் கேட்டவர் ராயப்பேட்டை மெஹருன்னிஸா பேகம். அத்தர் வியாபாரக் குடும்பம், கோஷா அனுஷ்டிப்பவர். திரை போட்ட ஜட்காவில் வந்து, படுதாவுக்குள் நுழைந்த பிறகுதான் புர்க்காவைக் கழற்றுவார். பந்து எடுத்துப் போடுவது, வலை கட்டுவது, ராக்கெட்டுக்கு நரம்பு இழுப்பது எல்லாம் கிளப்பின் மார்க்கர் காதர் பாயின் வேலை. ஆனாலும் பேகம் உள்ளே வந்துவிட்டால் அவர் வெளியே ஒரு முக்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். படுதாவைக் கேட்டவர் பேகம் என்றாலும், அதனால் அதிக நிம்மதி அடைந்தவர் அலமேலு அம்மாள். தாம் ஓடுவதை ஊரார் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கவலை.

படுதாவை ஒட்டினாற்போல் நாலு தென்னை மரங்கள். தேங்காய் பறிக்க வருபவர் ஏறுமுன் அடியில் நின்று, "மரம் ஏறுறேன், மரம் ஏறுறேன்!" என்று குரல் கொடுப்பார், அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் பெண்கள் இருந்தால் விலகிக்கொள்வதற்காக ஊரில் உள்ள வழக்கம் அது. குரல் கேட்டால் நாங்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். ஒரு நாள் பேகம் இருபத்தேழு பாயிண்டு எடுத்து ஜெயிக்கும் தறுவாயில் இருந்தபோது அந்தக் குரல் எழுந்தது. என்னிடம்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசும் அந்த அம்மாள், ராக்கெட்டை ஓங்கியபடியே படுதாவைப் பார்த்து, "ஏறாதே நைனா! இன்னும் ரெண்டே பாயிண்டு கீது, அங்கியே நில்லு!" என்று ஒரு போடு போட்டார். பேகம் அந்த இரண்டு பாயிண்டையும் எடுத்தார். நாங்கள் கை தட்டினோம். சிறிது நேரம் பொறுத்து, மரத்தடியிலிருந்து மிகவும் பணிவாக ஒரு குரல் வந்தது.

"ஜெயிச்சிட்டியாம்மா? நான் ஏறலாமா?"

எறும்பு தூக்கிய கோடு

பங்குனி பிறந்ததும் கோடு போடச் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கிளப்பில் கேட்டதற்கு, ஆண்களின் டென்னிஸ் மைதானத்துக்குப் போகத்தான் மீதி என்றார்கள். "நான் போடறேன் டீச்சர்" என்று ஜானகி ஒரு டப்பாவோடு வந்தாள். நான் நூல் கட்டி அளவு சொல்லுமுன்பே, வெறும் விரலால், அளவுகோல் வைத்தாற்போல் நாலு பக்கமும் கோடு இழுத்துவிட்டாள். சும்மா விடக் கை வராமல், மூலைக்கு ஒரு தாமரையும் போட்டாள். மிகவும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மூலையில் விழுந்த பந்தை எடுக்க ஒருவரும் ஓடவில்லை. கோலத்தை மிதிப்பதா என்று எல்லோரும் தயங்கி நின்றார்கள். அந்தத் தயக்கம் இல்லாத பேகம் ஒவ்வொரு பந்தையும் தாமரையின் நடுவிலேயே இறக்கி, எதிர்க்கட்சியைத் திணற அடித்தார்.

மறுநாள் காலை, பேகம் வருமுன்பாக, வலை கட்டுவதற்காக உள்ளே போன காதர் பாய் என்னைக் கூப்பிட்டார். மைதானத்தின் வடக்குக் கோட்டைக் காணோம். தெற்குக் கோடு பாதி இருந்தது. மீதிப் பாதி மெதுவாக வேலிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஜானகி போட்டது ரேஷன் அரிசி நொய்யில் அரைத்த மாவு. காதர் பாய் இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கோட்டையே எறும்பு தூக்கிக்கினு போவுது. பாலு உள்ள வுயுந்துச்சா வெளிய வுயுந்துச்சான்னு இனிமே நீங்க எறும்பத்தான் கேக்கணும்!"

எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பங்குனி நடுவில் பட்டியல் இளைத்தது. மாவடு போடும் பருவம் ஒரு பக்கம். கோயில் உற்சவம் ஒரு பக்கம். குழந்தைகளின் பரீட்சை ஒரு பக்கம். இருபத்தொன்பது பாயிண்டு வரை மூச்சு வாங்காமல் ஆடக் கூடியவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் நாலு பேர்தான் தேறினார்கள்: அலமேலு அம்மாள், ஜானகி, காமாட்சி அம்மாள், பேகம். மாட்சுக்கு நாலு பேர் போதும். அவர்களில் காமாட்சி அம்மாள் ஒருவரே மற்ற மூவருக்கும் சமம். மாமியாரும் மருமகளும் ஒரு கட்சி, காமாட்சி அம்மாளும் பேகமும் ஒரு கட்சி என்று பிரித்து ஒத்திகை பார்த்தேன். என்ன ஆச்சரியம்! வலைக்கு அந்தப் பக்கம் அலமேலு அம்மாள் நின்றால் காமாட்சி அம்மாளின் பந்து ஒன்று விடாமல் வலையில் போய் விழுந்தது. பேகம் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, சம்பந்திகள் இருவரையும் ஒரே கட்சியில் வைப்போம் என்று மாற்றிப் பார்த்தேன். அது அதைவிட மோசம். பந்து தம் மூக்குக்கு நேரே வந்தாலும் காமாட்சி அம்மாள் ஒதுங்கி நின்று, "முதல்ல நீங்க" என்று பிள்ளையின் தாயாருக்கு வழிவிட்டார். பந்து இருவருக்கும் நடுவே பத்திரமாகத் தரையில் இறங்கியது. பெண்கள் ஆட மாட்டார்கள் என்ற கமிட்டியின் அபிப்பிராயத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? அன்று மாலை காமாட்சி அம்மாளைத் தனியே சந்தித்து, கார் ஷெட்டைப் பற்றி மறுபடியும் எடுத்துச் சொல்லி, ஆட்ட விதிகள் அடங்கிய புத்தகத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையோடு புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு, டீச்சர். பெண்ணைக் கொடுத்தவா பிள்ளையைப் பெத்தவாளை ஜெயிக்கலாம்னு இதுல எந்தப் பக்கத்துல இருக்கு? அதை மட்டும் காட்டுங்கோ."

மூன்று நாற்காலிகள்

இதற்குள் இன்னொரு சிக்கல். மாட்சைப் பார்க்கக் காரியதரிசியும் கமிட்டியார் இருவரும் வருவார்கள். அந்நிய ஆண்கள் உள்ளே வந்தால் பேகம் ஆட மாட்டார். பேகம் இல்லாவிட்டால் நாலாவது ஆள் இல்லை. நான் ஜட்ஜிடம் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். தள்ளிப்போடச் சொல்லி அவரைக் கேட்கவில்லை. விதியைத் தளர்த்தவும் கேட்கவில்லை. பார்க்காமல் எப்படித் தீர்மானிப்பது என்பதை அவரே சொல்லட்டும் என்று நின்றேன். உடனிருந்த கமிட்டி அங்கத்தினர் ஒருவர் சிரித்துவிட்டு, கார் ஷெட்டுக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று பேச்சை மாற்றப் பார்த்தார். ஜட்ஜ் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"முப்பது வருஷம் தீர்ப்பு எழுதியிருக்கிறேன், அம்மா. ஒரு குற்றத்தையாவது நான் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான். படுதாவுக்கு வெளியே மூன்று நாற்காலி போடச் சொல்லுங்கள்."

இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு

பங்குனியின் கடைசிச் சனிக்கிழமை. படுதாவுக்கு வெளியே மூன்று நாற்காலிகள். அவற்றுக்குப் பக்கத்தில் காதர் பாயின் முக்காலி. உள்ளே, எங்கிருந்தோ காதர் பாய் தேடிக் கொண்டுவந்த சுண்ணாம்பில் புதுக் கோடுகள். நான் உயரமான ஸ்டூலின் மேல் ஏறி, வெளியே கேட்கும்படி ஒவ்வொரு பாயிண்டையும் உரக்கச் சொன்னேன். நான் பயந்தபடியே ஆயிற்று. மாமியார் மருமகள் கட்சி இருபது, காமாட்சி அம்மாளும் பேகமும் பதினொன்று. காமாட்சி அம்மாள் மிகுந்த கவனத்தோடு, ஒரு பந்துகூடத் தவறாமல், தவறவிட்டுக்கொண்டிருந்தார். படுதாவுக்கு அப்பால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "ஷெட்டுக்கு ஓடு வாங்கவே சொல்லிவிடலாம் போலிருக்கிறது" என்று ஒரு குரல். அதைத் தொடர்ந்து ஜட்ஜின் குரல்: "ஏன் அம்மா, உள்ளே நடப்பது ஆட்டமா, உபசாரமா?"

உள்ளே எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அலமேலு அம்மாளின் முகம் சிவந்தது. அவருக்கு அந்தக் கணம் வரையில், தாம் நன்றாக ஆடுவதால்தான் பாயிண்டு ஏறுகிறது என்றே நம்பிக்கை. கையில் இருந்த பந்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், வலையோரமாக நடந்து வந்தார்.

"மாமி, கலியாணத்துல நீங்க செஞ்ச சீர்ல நான் ஒரு குறை சொன்னது உண்டா?"

"இல்லை" என்றார் காமாட்சி அம்மாள், தலையைக் குனிந்தபடி.

"பின்னே எதுக்கு இந்தப் பாயிண்டையெல்லாம் சீரோட சேர்த்துக் கொடுக்கறேள்? எனக்கு வேண்டாம். இத்தனை நாளா நான் ஜெயிச்சதெல்லாம் இப்படித்தானா? ஆத்துல போய் என் பிள்ளைக்குக் கடுதாசி வேற எழுதியிருக்கேன்! மைதானம் போச்சுன்னா உங்க தயவுலதான் போச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன். ஆடுங்கோ!"

காமாட்சி அம்மாள் நிமிர்ந்தார். மாமியாரைப் பார்ப்பதா தாயாரைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஜானகியை ஒரு முறை பார்த்தார். தலைப்பை இழுத்துச் செருகினார். "அப்படின்னா உத்தரவு வாங்கிக்கறேன்" என்றார்.

சகோதரிகளே, அதற்குப் பிறகு நடந்ததை எண்ணிச் சொல்வதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. பதினொன்று பதினெட்டாயிற்று, பதினெட்டு இருபத்து மூன்றாயிற்று. பேகம் உற்சாகத்தில் "மாஷா அல்லா!" என்று கூவினார். அலமேலு அம்மாளும் சளைக்கவில்லை. அந்தச் சரீரம் அப்படிப் பாயும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. கோபம் வந்ததும் அவருக்கு ஆட்டம் வந்துவிட்டது. "ஜானகி, பின்னால போ! உங்கம்மாவை நம்பாதே!" என்று அவர் இட்ட சத்தம் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். வெளியே நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றுபோயிருந்தது. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.

கடைசிப் பந்து. காமாட்சி அம்மாள் ஓங்கிய வேகத்தைப் பார்த்து இருவரும் பின்வாங்கினார்கள். அவரோ கையைத் தளர்த்தி, ஒருவரும் நிற்காத இடது மூலைக்கு, மெதுவாகத் தட்டிவிட்டார். பந்து கோட்டோரமாக விழுந்தது.

"அவுட், அம்மா! வெளியில!" என்று ஜானகி கத்தினாள்.

"உள்ளேடி! கோட்டு மேல பார்!"

"நான் பார்த்துண்டுதான் இருந்தேன், வெளியிலதான்!" என்று அலமேலு அம்மாள் மருமகளின் பக்கம் நின்றார். பேகம் உருதுவில் ஏதோ சத்தியம் செய்தார். நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அப்போது படுதாவுக்கு வெளியிலிருந்து, தம்மை மறந்த நிலையில், ஜட்ஜ் இடி முழக்கமாகக் கூவினார்: "பந்தைப் பாருங்கள்! சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா, பாருங்கள்!"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, வெளியில் இருப்பவர்கள் ஆட்டத்தில் தலையிடக் கூடாது என்பதை முதலில் தெரிவித்தேன். பிறகு பந்தை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் நூலின் மேல் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை. அதை அலமேலு அம்மாளிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி, விரலையும் பார்த்தார். பந்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இருபத்தொன்பதுக்கு இருபத்தெட்டு. காமாட்சி அம்மாள் கட்சி ஜெயம்" என்று நான் அறிவித்தபோது, முதலில் கைதட்டியது முக்காலியில் இருந்த காதர் பாய்தான்.

வெளியே போனேன். மூன்று பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஜட்ஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கார் ஷெட் வேறெங்காவது கட்டிக்கொள்ளட்டும், அம்மா. எனக்குப் பார்க்காமலே மூச்சு வாங்குகிறது" என்றார். அதைச் சொல்ல நான் உள்ளே ஓடியபோது, சம்பந்திகள் இருவரும் கொட்டகை நிழலில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து, ஒரே கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காமாட்சி அம்மாளின் கண்ணில் மட்டும் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது. அலமேலு அம்மாள் கூஜாவை மூடி அவரிடம் நீட்டினார்.

"ஜெயிச்சது ஜெயிச்சேள், மாமி. என் பிள்ளைக்கு அந்த இடது கையை மட்டும் மார்கழிக்குள்ள பின்னிக் கொடுத்துடுங்கோ."

பெண்களுக்குப் பந்தை அடிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு வாரத்து வேலை. அதை எதிராளி நிற்காத இடத்தில் அடிக்கலாம் என்று அவர்களை நம்பவைப்பதற்குத்தான், சகோதரிகளே, நமக்கு மாதச் சம்பளம்.